இலைத் தேயிலையைச் சுவைத்து ஒப்பிடுதல்: கேள்வி பதில்

குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலைகளைச் சுவைத்து மதிப்பிடும் வேலையில் 26 ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது மதுரையில் வசிக்கிறேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (அண்ணா நகர்): நீலகிரி, அசாம், டார்ஜிலிங் மூன்றையும் ஒவ்வொரு கரண்டி போட்டுப் பார்த்தேன். நீலகிரி மட்டும் சப்பென்று இருக்கிறது. ஏன் ஐயா?

பதில்: கரண்டிதான் காரணம். முறுக்கிய நீள இலை இடைவெளி விட்டுக் குவிந்து நிற்கும். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் சிடிசி குருணை அடர்ந்து உட்காரும். கரண்டி ஒன்றேயானாலும் எடை வெகுவாக மாறிவிடுகிறது. சிறிய மின் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 3103 என்ற பன்னாட்டு முறைப்படி, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, மூடிய பாத்திரத்தில் 6 நிமிடம். மூன்றுக்கும் ஒரே தண்ணீர் என்பதை மறக்க வேண்டாம். இதை இன்னும் பல முறை சொல்லப்போகிறேன்.

வடித்ததை வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் அருகருகே வைத்து, முதலில் ஊறிய இலையை மூடியில் கவிழ்த்துச் சூடு ஆறுவதற்குள் முகர்ந்து பாருங்கள். பிறகு ஒரு கரண்டி எடுத்துச் சத்தம் எழ உறிஞ்சுங்கள். விருந்தில் அது மரியாதைக் குறைவுதான். ஆனால் காற்றும் சேர்ந்து உள்ளே போனால்தான் மணம் தொண்டை வழியாக மூக்கின் பின்புறத்துக்கு ஏறும். அசாம் வாயை நிறைக்கும். நீலகிரி தெளிவாகவும் பூவாசனையோடும் இருக்கும். மார்ச், ஏப்ரலில் பறித்த டார்ஜிலிங்கின் முதல் பறிப்பு வெளிர் மஞ்சளாக, நீலகிரியைவிட மெலிதாகவே இருக்கும். மூன்றையும் ஆறவிட்டும் பாருங்கள். காஃபீனும், தேநீருக்கு நிறம் தரும் தியாஃபிளவின் என்ற பொருளும் பிணைவதால் அசாம் பால் தெளித்ததுபோல் கலங்கும். அது கெட்டுப்போனதன் அடையாளமன்று, சாரத்தின் அடையாளம்.

கேள்வி (திருநகர்): ஊட்டியில் கடையிலேயே போட்டுக் கொடுத்தபோது மணந்த தேயிலை, வீட்டில் கறுத்துக் கசக்கிறது. கடைக்காரர் பொட்டலத்தை மாற்றிவிட்டாரா?

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மதுரையில் அது 100 டிகிரியை ஒட்டிக் கொதிப்பதால் துவர்ப்பும் கசப்பும் கூடுதலாக இறங்கும். அதைவிடப் பெரிய காரணம் நம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். கோப்பையின் மேல் எண்ணெய் படர்ந்ததுபோல் ஓர் ஏடு மிதந்து, உதடு பட்டதும் விரிசல் விடுகிறதா? தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலைச் சாரத்தோடு சேர்ந்து உண்டாக்குவது அது. இருபது லிட்டர் கேன் தண்ணீரில் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): டஸ்ட் என்பது ஆலையில் கூட்டியள்ளிய குப்பைதானே?

பதில்: இல்லை. சலிக்கும்போது பிரிகிற பொடி அளவின் பெயர் அது. நல்ல கொழுந்திலிருந்து வந்த டஸ்ட், முற்றிய இலையிலிருந்து வந்த முழு இலைத் தேயிலையைவிடச் சிறந்ததாகவே இருக்கும்.

கேள்வி (வில்லாபுரம்): ஆரஞ்சு பெக்கோவில் ஆரஞ்சுப் பழ வாசனையே வரவில்லையே?

பதில்: வராது. அது இலைத் தரத்தின் பெயர்.

கேள்வி (மேலூர்): மல்லிகைத் தேயிலை விலை அதிகமாக இருக்கிறதே என்று, பச்சைத் தேயிலை டப்பாவில் இரண்டு முழம் மதுரை மல்லியைப் போட்டு மூடி வைத்தேன். நான்காம் நாள் பூஞ்சை பிடித்துவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: அம்மா, நாரிலிருந்து தொடங்குவோம்: தொடுத்த சரம் ஆகாது, உதிரி மொட்டுதான் வேண்டும். சீனர்கள் பகலில் பறித்த மொட்டு இரவில் மலர்ந்து மணம் விடும் நேரத்தில் அதைத் தேயிலையோடு கலந்து, சூடேறாமல் கிளறி, காலையில் பூவைச் சலித்தெடுத்துவிட்டு, இலை உறிஞ்சிய ஈரம் போக மீண்டும் உலர்த்துவார்கள். உயர்ந்த வகைக்கு இதையே பல இரவுகள் புதுப் பூவோடு திரும்பச் செய்வார்கள். நீங்கள் பூவை எடுக்கவுமில்லை, உலர்த்தவுமில்லை. இன்னொன்று: மாலைக்கென்று விளையும் பூவுக்கு மொட்டுப்புழுவுக்காக மருந்தடிப்பார்கள், சந்தைப் பூவை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி (திருப்பரங்குன்றம்): எந்தக் கம்பெனித் தேயிலை நல்லது?

பதில்: பெயர் சொல்வதில்லை.

கேள்வி (சோழவந்தான்): மேலூர் அம்மாவுக்குச் சொன்ன பதிலை ஏற்க முடியவில்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி தடித்த இதழும் மிகுந்த மணமும் உடையது. அதற்குப் பல இரவுகள் எதற்கு? ஒரே இரவு போதும். மருந்தடிக்காத தோட்டங்களும் எங்கள் பக்கம் உண்டு.

பதில்: மருந்தடிக்காத தோட்டம் உண்டென்றால் அந்தப் பகுதியை மகிழ்ச்சியோடு திரும்பப் பெறுகிறேன். ஆனால் மணத்தின் மிகுதி வேறு, இலைக்குள் அது தங்குவது வேறு. நானும் உங்களைப்போல் எண்ணி, ஒரே இரவில் முடித்துவிடலாமென்று 100 கிராம் நீலகிரிப் பச்சைத் தேயிலைக்கு அதே எடைப் பூவைப் போட்டேன். டப்பாவைத் திறந்தால் கல்யாண மண்டபம். கோப்பையிலோ இரண்டாம் மடக்கிலேயே மணம் காணாமல் போய்விட்டது. பூவும் சீனத்தில் பயன்படும் அதே இனம்தான். அதன் வீரியத்தை நான் மறுக்கவில்லை.

கேள்வி (பழங்காநத்தம்): டீ கசக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: திருநகர் நண்பருக்கு எழுதியதைப் படியுங்கள். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.

கேள்வி (தெப்பக்குளம்): தேயிலையில் சாயம் சேர்த்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வடிதாளின் மேல் சிறிது தேயிலையைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பிறகு குழாயடியில் இலையைக் கழுவிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல தேயிலை கறை விடாது.

கேள்வி (செல்லூர்): பச்சைத் தேயிலை குடித்தால் சர்க்கரை குறையுமா?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி (கே.கே. நகர்): பால் ஊற்றி ஒப்பிடக் கூடாதா?

பதில்: பாலுக்கென்றே செய்த சிடிசியை அப்படியும் ஒப்பிடலாம். ஆனால் பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் முதலில் வெறுமனே சுவைத்துவிட்டு, பிறகு எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே அளவு பால் விடுங்கள். டார்ஜிலிங்கில் ஊற்றினால் கொடுத்த காசு பாலோடு போய்விடும். எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லையே?

கேள்வி (சோழவந்தான், மீண்டும்): நீங்கள் பயன்படுத்தியது மாலையில் வாங்கிய சந்தைப் பூவா, அன்று மதியம் பறித்த மொட்டா?

பதில்: மாட்டுத்தாவணியில் மாலை ஆறு மணிக்கு வாங்கியது. பாதி அப்போதே மலர்ந்திருந்தது. நீங்கள் பிடித்த இடம் சரிதான். பூவின் விலை இறங்கும் சித்திரையில் மருந்தடிக்காத மொட்டாகக் கால் கிலோ தாருங்கள். ஒரே இரவு வைத்ததையும் மூன்று இரவு வைத்ததையும், கேன் தண்ணீரில்தான், உங்கள் எதிரிலேயே போட்டுக் காட்டுகிறேன்.