சசெக்ஸ் கவுன்டியில் ஓய்வுக்கால வீடு: சொத்து வரியை மட்டும் பார்த்தால் போதாது

கேள்வி: நியூ ஜெர்சியின் எடிசனில் வசிக்கிறோம். எனக்கு 66 வயது, மனைவிக்கு 63. இங்கே சொத்து வரி கட்டி மாளவில்லை. டெலவேர் மாநிலத்தின் சசெக்ஸ் கவுன்டியில், லூயிஸ் கடற்கரைப் பக்கம் வீடு வாங்கிக் குடியேறலாமா?

பதில்: சொத்து வரி வெகுவாகக் குறையும். விற்பனை வரியும் அங்கே கிடையாது. பலர் இத்துடன் கணக்கை மூடிவிடுகிறார்கள். வருமான வரியைப் பார்ப்பதில்லை. சோஷியல் செக்யூரிட்டி எனும் அரசு ஓய்வுக்காலத் தொகைக்கு இரு மாநிலங்களுமே வரி போடுவதில்லை. ஓய்வூதியமும் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுக்கும் பணமும்தான் விஷயம். கூட்டாகக் கணக்குக் காட்டும் தம்பதியின் மொத்த வருமானம் 1 லட்சம் டாலரைத் தாண்டாவிட்டால், 62 வயதுக்குப் பின் நியூ ஜெர்சி அதற்கு முழு விலக்கே தருகிறது. டெலவேரில் 60 வயதுக்கு மேல் தலைக்கு 12,500 டாலர் வரைதான். ஆகவே ஒரு கையில் மிச்சமாவது மறு கையில் ஓரளவு போய்விடும். சொத்து வரியில் அடங்கும் பள்ளி வரியில் டெலவேர் மூத்தோருக்குத் தரும் சலுகையை நம்பியும் போகாதீர்கள். புதிதாகக் குடியேறுபவர் அதற்கு 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால், நிலம் யாருடையது என்று கேளுங்கள். வீடு மட்டும் உங்களுடையதாகி, மனைக்கு மாதாமாதம் வாடகை கட்டும் குடியிருப்புகள் அங்கே நிறைய.

சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு வீட்டுக் கட்டடத்துக்கு 2.5 லட்சம் டாலர் வரைதான். பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். புயல் செய்தி கேட்டபின் ஓடிப் பயனில்லை. 1962 மார்ச் புயல் பக்கத்து ரெஹோபத் கடற்கரை நடைபாதையையே பெயர்த்துவிட்டது. கடலிலிருந்து சில மைல் உள்ளே தள்ளி, வெள்ள வரைபடத்தைப் பார்த்து வாங்குங்கள்.

மருத்துவம்தான் எனக்குப் பெரிய தயக்கம். லூயிஸில் நல்ல மருத்துவமனை உண்டு. ஆனால் ஓய்வுபெற்றவர்கள் குவிந்த வேகத்துக்கு மருத்துவர்கள் சேரவில்லை. உங்கள் மனைவிக்கு 65 வயதில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வர இன்னும் 2 ஆண்டுகள், அதுவரை டெலவேரில் புதிய காப்பீடு தேட வேண்டும். மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாகத் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் வைத்திருந்தால் உங்களுக்கும் திட்டம் மாறக்கூடும். கார் ஓட்ட முடியாத வயதில் அங்கே நடமாடுவது கடினம். டெலவேரின் வடக்கே உள்ள ஹாக்கெசின் மகாலட்சுமி கோயிலுக்கே ஏறக்குறைய 2 மணி நேரப் பயணம்.

வரிக்காக மட்டும் என்றால் போக வேண்டாம் என்பேன். கடல்மேல் ஆசை என்றால், முதலில் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். ஜூலை வார இறுதியில் ஒன்றாம் நெடுஞ்சாலை நெரிசலையும், பிப்ரவரியில் கடைகள் மூடிக் கிடப்பதையும் பாருங்கள். எடிசன் வீட்டை அதுவரை விற்க வேண்டாம். விற்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 2 ஆண்டுகள் அதில் நீங்களே குடியிருந்திருந்தால், தம்பதிக்கான 5 லட்சம் டாலர் வரையிலான விற்பனை லாபத்துக்கு வரி விலக்கை அப்போதும் கோரலாம்.