எதிர்க்காற்றில் கடைசி ஆள்

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு சைக்கிள் குழுவில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. வயது 46. போன ஞாயிறு மேலூர் ரைடு. இரவெல்லாம் மழை, காலையிலும் தூறல் விடவில்லை, ஆடிக்காற்று வேறு. போகும்போது எல்லோரும் பறந்தோம். மேலூரில் டீ குடித்துவிட்டுத் திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. சிட்டம்பட்டி வருவதற்குள் குழு கண்ணுக்கே தெரியவில்லை. நனைந்த சட்டையோடு ஒத்தக்கடை வரை தனியாக மிதித்தேன். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒருவர், "இந்த மாதிரி நாள்ல தெம்பு இருக்கிறவங்க மட்டும் வாங்க" என்று எழுதியிருந்தார். இந்த வயதில் எனக்கு இது தேவையா? அல்லது இப்படிப்பட்ட நாட்களில் ரைடையே ரத்து செய்துவிடலாமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

நீங்கள் விலக வேண்டாம், ரைடை ரத்து செய்யவும் வேண்டாம். காற்றில்லாத காலையில் யாரும் தனியாகவே மேலூர் போய் வந்துவிடலாம். எதிர்க்காற்று அடிக்கிற நாளில்தான் குழு என்ற ஒன்று தேவைப்படுகிறது. அன்றைக்குப் பார்த்துக் கடைசி ஆளை விட்டுவிட்டு வருவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை. அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்தபோது கோபம்தான் வந்தது.

காற்று என்ன செய்கிறது என்று பாருங்கள். நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறீர்கள், எதிரே காற்றும் 20-ல் வருகிறது. உடம்பில் மோதுவது 40. ஆனால் காற்றின் தடை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால், இந்தச் சுமையில் நல்ல பங்கு குறையும். இடைவெளி இரண்டு மூன்று சைக்கிள் நீளத்துக்குப் போய்விட்டால் அந்த மறைவு தேய்ந்துவிடும். பிறகு முழுக் காற்றையும் நீங்களே தாங்க வேண்டும். குழுவிலேயே களைத்துப்போன ஆள், குழுவிலேயே அதிகமாக உழைக்க வேண்டியதாகிறது. உங்களுக்கு நடந்தது அதுதான். வயதை இதில் இழுக்காதீர்கள்.

ஈரம் வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. காற்று "கிட்ட வா" என்கிறது, ஈரச் சாலை "தள்ளிப் போ" என்கிறது. ரிம் பிரேக் உள்ள சைக்கிள் என்றால், பிரேக் கட்டை முதலில் ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். சாலையோர வெள்ளைக் கோடு நனைந்தால் வழுக்கும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்திலிருந்து தெறிக்கிற சேறு கண்ணில் விழும். ஆகவே ஒட்டியும் போக முடியாது, விலகியும் போக முடியாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழிதான் உண்டு: எல்லோரும் வேகத்தைக் குறைப்பது. கடைசி ஆளால் பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம் எதுவோ, அதுதான் அன்றைக்குக் குழுவின் வேகம். முன்னால் போகிறவர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும். புதிதாக வந்தவர் முன்னால் போயே ஆக வேண்டும் என்பதில்லை. அனுபவமுள்ள ஒருவர் எல்லோருக்கும் பின்னால் வர வேண்டும், அவர் இல்லாமல் கிளம்பவே கூடாது.

பக்கக்காற்றில் பந்தய வீரர்கள் சாலையின் அகலத்துக்குச் சாய்வாக வரிசை போடுவதைச் சிலர் வீடியோவில் பார்த்துவிட்டு இங்கே செய்யப் பார்க்கிறார்கள். அங்கே சாலையை மூடியிருப்பார்கள். மேலூர் வழியாகப் போகிற திருச்சி நான்குவழிச் சாலையில் லாரி ஒன்று கடந்தால் காற்று ஒரு கணம் நின்று, மறுபடி இடிக்கும். ஹேண்டில் ஆடும். ஓரமாக ஒற்றை வரிசை, அவ்வளவுதான்.

அப்புறம், வழியைத் தேர்ந்ததே தப்பு. மேலூர் நமக்கு வடகிழக்கே. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற ஆடியில் அங்கே போனால், போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போகும். எல்லோருக்கும் தான் பெரிய ஆள் என்று தோன்றும். கால் ஓய்ந்த பிறகு திரும்பும்போது அதே காற்று நேரே முகத்தில். ஆடியில் மேற்கே போக வேண்டும்: காளவாசல், நாகமலை புதுக்கோட்டை, பல்கலை நகர் தாண்டி செக்கானூரணி. தெம்பு இருக்கும்போதே காற்றோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டுக்கு அது தள்ளிவிட வரலாம். வடகிழக்குக் காற்று வரும் கார்த்திகையில் மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம். மழை அறிவிப்பைப் பார்க்கிற நாம் காற்றின் திசையைப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை இரவே பார்த்து வழியை முடிவு செய்ய வேண்டும்.

உங்களுக்கும் சில சொல்கிறேன். இடைவெளி விழ ஆரம்பித்த உடனேயே "ஆள் விடுது" என்று கத்துங்கள், வெட்கப்படாதீர்கள். எதிர்க்காற்றில் பின்னாலிருந்து கத்துவது முன்னால் கேட்காது. நடுவில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி முன்னே கடத்த வேண்டும், கிளம்புமுன் இதைப் பேசிக்கொள்ளுங்கள். முதுகுப் பையில் மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்று இருக்கட்டும். மதுரையில் எங்கே குளிரும் என்று நினைப்போம், ஆனால் நனைந்த சட்டையோடு டீக்கடை வாசலில் நின்றாலே உடம்பு சில்லிட்டு, கால் இறுகிவிடும். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

இந்தப் பதிலை அப்படியே உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அடுத்த ஞாயிறு செக்கானூரணி போகலாமா, பின்னால் யார் வருகிறீர்கள் என்று நீங்களே கேளுங்கள். யாராவது ஒருவர் கை தூக்கினால் அவரோடு போங்கள். ஒருவருமே தூக்கவில்லை என்றால் வேறு குழு தேடுங்கள், சைக்கிளை மட்டும் விற்றுவிடாதீர்கள்.