வாசகர் கேள்வி – பதில்: முழுதாக மூடலாம், பாதி மூடக் கூடாதா?

பெண்களும் விளையாட்டும் குறித்துச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜிம்னாஸ்டிக்ஸ் உடையைப் பற்றியே கேட்கின்றன. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகப் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் அவற்றில் ஐந்துக்கு இங்கே விடையளிக்கிறேன்.

ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் ஒளிபரப்பாகும்போது பெண்களின் உடையைப் பார்த்து என் மாமனார் கூடத்தை விட்டே எழுந்து போய்விடுகிறார். அந்த விளையாட்டுக்கு அப்படியொரு உடை உண்மையிலேயே தேவையா? – வாசகி, மதுரை

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உடை உடலோடு ஒட்டியிருக்க வேண்டுமா என்பது ஒன்று; கால் இடுப்புவரை தெரிய வேண்டுமா என்பது மற்றொன்று.

முதலாவதற்கு விடை, ஆம். உயரக் கம்பியை விட்டுத் தாழ்ந்த கம்பியைப் பிடிக்கப் பாய்கிறவளின் உடையில் தளர்ந்த துணி தொங்கினால், அது கைக்கும் கம்பிக்கும் நடுவில் சிக்கும். 10 சென்டிமீட்டர் அகலமே உள்ள பீம் என்ற நீண்ட கட்டையின் மேல் பின்புறமாகக் கரணம் அடிக்கிறவள், கால் ஊன்றும் இடத்தைக் கண்ணால் தேடும் கணத்தில் சட்டை முகத்தை மூடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் மடங்கியதா, இடுப்பு தளர்ந்ததா என்று பார்த்தே நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள் என்பதால், உடலின் கோடு தெரிந்தாக வேண்டும்.

இரண்டாவதற்கு விடை, இல்லை. சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். அதே அரங்கில் ஆடும் ஆண்களைப் பாருங்கள். பொம்மல் குதிரை, வளையம், இணைக் கம்பி, ஒற்றைக் கம்பி ஆகிய நான்கிலும் அவர்கள் நீண்ட காற்சட்டை அணிந்தே ஆட வேண்டும் என்பது விதி. தரைப் பயிற்சியிலும், ஓடிவந்து மேசையைத் தாண்டும் வால்ட்டிலும் மட்டுமே அரைக்காற்சட்டைக்கு இடம் உண்டு. ஆணின் முழங்கால் மடங்கியதைத் துணிக்கு மேலேயே கண்டுபிடிக்கிற நடுவருக்குப் பெண்ணின் முழங்கால் மட்டும் தெரியாமல் போய்விடுமா என்ன?

இந்த உடைக்குப் பெயர் கொடுத்தவரே ஓர் ஆண்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பிரான்சின் துலூஸ் நகரத்தைச் சேர்ந்த ஜூல் லியோடார் என்ற சர்க்கஸ் கலைஞர், 1859 நவம்பரில் பாரிஸில் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவிப் பறந்து காட்டினார். கைகால் அசைவுக்குத் தடையில்லாமலும், தம் உடற்கட்டு நன்றாகத் தெரியும்படியும் அவர் அணிந்த ஒட்டுடைக்கு, அவர் 1870-இல் இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகே லியோடார்ட் என்ற பெயர் நிலைத்தது. நம் ஊர்ப் பயிற்சிக் கூடங்களில் காஸ்ட்யூம் என்றால்தான் புரியும்.

உங்கள் மாமனாரின் சங்கடத்தில் கேமராவுக்கும் பங்கு உண்டு. உடலின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கிக் காட்டும் காட்சிகளை இனித் தவிர்ப்போம் என்று ஒலிம்பிக் ஒளிபரப்பு நிறுவனத்தின் தலைவரே 2021-இல் டோக்கியோவில் அறிவிக்க வேண்டியிருந்தது என்றால், அதுவரை நடந்தது என்ன என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

என் மகளுக்கு 12 வயது. ஐந்து ஆண்டுகளாக ஜிம்னாஸ்டிக்ஸ் கற்கிறாள். இப்போது காஸ்ட்யூமுக்கு மேல் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டுதான் ஆடுவேன் என்கிறாள். போட்டியில் அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்கிறார் பயிற்சியாளர். இல்லையென்றால் விளையாட்டையே விட்டுவிடுவதாக அழுகிறாள். நாங்கள் யார் பக்கம் நிற்பது? – வாசகர், சென்னை

மகள் பக்கம் நில்லுங்கள். ஆனால் பயிற்சியாளர் பொய் சொல்லவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மாவட்டப் போட்டி ஒன்றில் நான் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு சிறுமி இன்னும் என் நினைவில் இருக்கிறாள். நடுவருக்குக் கை உயர்த்தி வணக்கம் தெரிவிப்பதற்கு ஒரு நொடி முன்பு, இரண்டு கட்டைவிரல்களையும் உடையின் கால் விளிம்புக்குள் விட்டு இழுத்துவிட்டாள். தரைப் பயிற்சியில் ஒவ்வொரு மூலைக்கு வந்து நிற்கும்போதும் அவள் கை அங்கேயே போனது. அடுத்த பாய்ச்சலைப் பற்றி நினைக்க வேண்டிய நேரத்தில் அவள் துணியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். உடை மேலேறாமலிருக்கத் தோலில் பசைத் தெளிப்பு அடித்துக்கொள்ளும் வழக்கம் பெரிய வீராங்கனைகளிடமே உண்டு எனும்போது, பன்னிரண்டு வயதுக் குழந்தையின் தவிப்பைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஜெர்மனியின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சாரா ஃபோஸ் இதே வயதைக் குறித்துத்தான் பேசினார். சிறுமியாக இருந்தபோது ஒட்டுடை ஒரு பொருட்டாகவே தெரியவில்லை என்றும், பருவமடைந்து மாதவிலக்கு தொடங்கிய பிறகே அதில் சங்கடம் வளர்ந்தது என்றும் அவர் விளக்கியிருக்கிறார். 2021 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் அவர் கணுக்கால்வரை மூடிய யூனிடார்ட் அணிந்து ஆடினார். அதே ஆண்டு ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் அவரும் கிம் புய், எலிசபெத் சைட்ஸ், பவுலின் ஷேஃபர்-பெட்ஸ் ஆகியோரும் சிவப்பும் வெள்ளையுமான முழு உடையில் இறங்கினார்கள். அணியாக அவர்கள் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை என்றாலும், அதற்கு உடையைக் காரணமாகச் சொன்னவர் எவரையும் நான் காணவில்லை. லாரி நாசர் என்ற மருத்துவர் அமெரிக்க வீராங்கனைகளைப் பல்லாண்டுக் காலம் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியது நீதிமன்றத்தில் வெளிப்பட்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த வேளை அது; அதனால் வீராங்கனைகளின் பாதுகாப்பும் உடையும் சேர்த்தே பேசப்பட்டன.

அந்த முழு உடைக்காக அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை என்பதே இதில் முக்கியம். சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் விதிநூல் கால் முழுவதையும் மூடும் உடையை முன்பே அனுமதித்திருந்தது. மதக் காரணத்துக்காகச் சிலர் அணிந்ததைத் தவிர அந்த அனுமதியைப் பயன்படுத்தத்தான் ஆள் இல்லை. உடையின் நிறத்திலேயே முழுக்கால் உறையைக் காஸ்ட்யூமுக்கு உள்ளேயோ மேலேயோ போட்டுக்கொள்ளவும் அந்நூல் இடம் தருகிறது. ஆனால் லியோடார்டின் கால் பகுதி, பிட்டத்தின் கீழ்க்கோட்டிலிருந்து 2 சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்றும் அதே நூல் சொல்கிறது. ஆக, கணுக்கால்வரை முழுதாக மூடலாம். தொடைவரை பாதி மூடக் கூடாது. உங்கள் மகள் விரும்பும் ஷார்ட்ஸ் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறது. இந்த விதியின் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உடை விதிப்படி இல்லையென்றால் 0.30 மதிப்பெண் குறையும். ஆட்டத்தில் ஒரு நடுத்தரப் பிழைக்கு எவ்வளவு குறைப்பார்களோ அவ்வளவு. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும், 2016-இல் ரியோ ஒலிம்பிக்கின் வால்ட் இறுதிப் போட்டியில் திரிபுராவின் தீபா கர்மாகர் 15.066 பெற்று நான்காவதாக வந்தபோது, வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்குரூபர் பெற்றது 15.216. நம் நாட்டுக்குக் கிடைக்காமல் போன பதக்கத்தின் இடைவெளி 0.15, உடைக்கான தண்டம் அதைப் போல் இரு மடங்கு. அதனால்தான் பயிற்சியாளர்கள் அஞ்சுகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அணிப் போட்டியில் எல்லோரும் ஒரே மாதிரி உடை அணிய வேண்டும். தவறினால் அணியின் கணக்கில் ஒரு முழு மதிப்பெண் போகும். கூச்சப்படுகிற ஒரு பெண், தன் விருப்பத்துக்காகத் தோழிகள் அனைவரிடமும் பேசி அவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறாள். பெரியவர்களான ஜெர்மானியர் அதைச் செய்தார்கள். பன்னிரண்டு வயதில் அது முடியாது. உங்கள் மகளுக்காக நீங்கள்தான் பேச வேண்டும்.

எனவே, வரும் போட்டியின் அமைப்பாளர்களிடம் உடை விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிறுவர் போட்டிகளில் தளர்வு தருவது அமைப்பாளர் கையில் உள்ள செயலே. நியூசிலாந்து ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் 2024-இல் ஷார்ட்ஸையோ லெக்கிங்ஸையோ லியோடார்டுக்கு மேல் அணிவதற்கும், உள்ளாடை வெளியே தெரிவதற்கும் இருந்த தண்டத்தை எடுத்தேவிட்டது. இங்கே தளர்வு கிடைக்கவில்லை என்றால், காஸ்ட்யூமின் நிறத்திலேயே கணுக்கால்வரையுள்ள ஒட்டுடை வாங்கிக் கொடுங்கள். ஆனால் போட்டியன்று முதன்முதலாக அணிவிக்காதீர்கள். காற்றில் சுருண்டு சுழலும்போது கைகள் கால்களை இறுகப் பற்றுகின்றன. தோலைப் பற்றிப் பழகிய கைக்கு வழவழப்பான துணி வழுக்கும். சில வாரங்களாவது அந்த உடையிலேயே பயிற்சி நடக்கட்டும்.

நாளைக்கே அவள் பழைய உடைக்குத் திரும்ப விரும்பினாலும் கேலி செய்ய வேண்டாம். எதை அணிவது என்பதை அன்றன்றைய மனநிலையைப் பொறுத்து முடிவு செய்வோம் என்றுதான் ஜெர்மன் வீராங்கனைகளே சொன்னார்கள். குள்ளமான தமக்குக் கால் நீளமாகத் தெரிய லியோடார்டே பிடிக்கும் என்று சொன்ன அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ், ஜெர்மானியரின் முடிவையும் அதே மூச்சில் ஆதரித்தார்.

எங்கள் நாட்டு ஃபாரா ஆன் அப்துல் ஹாடி பட்ட பாட்டையும் எழுதுங்களேன். மூடினாலும் குற்றம், மூடாவிட்டாலும் குற்றம் என்றால் பெண் என்னதான் செய்வாள்? – வாசகி, கிள்ளான், மலேசியா

2015 ஜூனில் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தரைப் பயிற்சியில் தங்கம் வென்ற ஃபாராவைப் பாராட்ட வேண்டிய வேளையில், முஸ்லிம் பெண் இப்படி உடுத்தலாமா என்று ஒரு கூட்டம் சமூக ஊடகங்களில் அவரைத் திட்டித் தீர்த்தது. காலி டப்பாதான் அதிகம் சத்தம் போடும் என்று அவர் ட்விட்டரில் கொடுத்த பதிலை, குறைகுடம் கூத்தாடும் என்று நாம் சொல்லியிருப்போம். அவர் ஓயவில்லை, டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார்.

அந்த டோக்கியோ தொடங்கும் அதே மாதத்தில்தான், பல்கேரியாவில் நடந்த ஐரோப்பியக் கடற்கரை ஹேண்ட்பால் போட்டியில் பிகினிக்குப் பதிலாக ஷார்ட்ஸ் அணிந்ததற்காக நார்வே பெண்கள் அணிக்கு 1,500 யூரோ அபராதம் விதித்தார்கள். உலகெங்கும் எதிர்ப்பு எழுந்த பின் அந்த விதியை மாற்றினார்கள். ஃபாராவைத் திட்டியவர்களும் நார்வேக்கு அபராதம் போட்டவர்களும் நேரில் சந்தித்தால் ஒருவரை ஒருவர் சகிக்க மாட்டார்கள். ஆனால் அளவு நாடாவைத் தங்கள் கையில்தான் வைத்திருக்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

உடையில் பதிக்கும் கற்களுக்கு மதிப்பெண் உண்டா? – வாசகர், திருச்சி

கிடையாது. 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் 14 வயது நாடியா கொமனேச்சி முழுமையான 10 மதிப்பெண் பெற்றபோது அணிந்திருந்தது, பக்கவாட்டில் வண்ணக் கோடுகள் ஓடிய வெள்ளை உடை. ஒரு கல்கூட இல்லை. ரியோவில் அமெரிக்கப் பெண்கள் அணிந்த உடையில் ஏறத்தாழ 5,000 கற்கள். 2024 பாரிஸில் அது இரட்டிப்பானது. அரங்க விளக்கில் மின்னுவது அழகுதான். மகளின் மாவட்டப் போட்டிக்காகக் கடன் வாங்கிக் கல் பதிக்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

பேத்திக்குக் காஸ்ட்யூம் வாங்க வேண்டும். வளர்கிற பிள்ளையாயிற்றே, ஓர் அளவு பெரிதாகவே வாங்கிவிடலாமா? – ஒரு பாட்டி, சேலம்

தீபாவளிப் பாவாடைக்கு இரண்டு மடிப்பு உள்ளே தைத்து, ஆண்டுக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிட்ட வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். இந்த உடையில் அந்தச் சிக்கனம் செல்லாது. பெரிதாக இருந்தால் குனியும்போது கழுத்து விலகும், காலை விரிக்கும்போது விளிம்பு இடைவெளி காட்டும். எந்தக் கூச்சத்தைத் தவிர்க்க நினைக்கிறோமோ அதுவே வந்து சேரும். தீபா கர்மாகர் தம் முதல் போட்டியில் இரவல் வாங்கிய, தொளதொளவென்ற உடையில் ஆடியதையும், அது பார்க்கவே வேடிக்கையாக இருந்ததையும் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சிறியதாக இருந்தாலும் தொல்லைதான். தோள்பட்டை அறுக்கும், கீழ்ப்பகுதி மேலேறும்.

வயதைச் சொல்லி வாங்காதீர்கள். மார்பு, இடை, இடுப்பு ஆகிய மூன்று சுற்றளவுகளோடு நான்காவதாக ஓர் அளவு வேண்டும். இந்த உடைக்கு அதுதான் உயிர்நாடி. நாடாவின் நுனியை ஒரு தோளின் மேல் வைத்து, முன்புறமாக இறக்கி, கால்களுக்கு நடுவே கொண்டுபோய், முதுகு வழியாக அதே தோளுக்கு ஏற்றுங்கள். நாடா இறுகவும் கூடாது, தொங்கவும் கூடாது. வந்த உடையைப் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிற்பது மட்டும் போதாது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, குனிந்து, கால்களை அகல விரித்து உட்கார்ந்து எழுந்த பிறகும் விளிம்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். அட்டவணையில் அவள் அளவு இரண்டு எண்களுக்கு நடுவில் வந்தால் மட்டும், உங்கள் ஆசைப்படி, பெரியதையே எடுத்துக்கொள்ளுங்கள்.