தோட்டமும் பச்சைதான், காடும் பச்சைதான்... அப்புறம் என்ன?

கேள்வி: எண்ணெய்ப்பனை, ரப்பர் தோட்டம் எல்லாம் மரம்தானே, பச்சைப்பசேல்னு தானே இருக்கு? அதை ஏன் காடழிப்புன்னு சொல்றாங்க?

பதில்: மரம் இருந்தா மட்டும் காடாகிடாதுங்க. காட்டுல வானத்தை முட்டற மரம், அதுக்குக் கீழ சின்ன மரம், கொடி, புதர், மக்கின கட்டை, சருகுன்னு அடுக்கடுக்கா இருக்கும், ஒவ்வொரு அடுக்கையும் நம்பி வேற வேற உயிர் பொழைக்கும். தோட்டத்துல ஒரே சாதி, ஒரே வயசு. இருவாச்சிப் பறவையை எடுத்துக்கோங்க, அதால சொந்தமா பொந்து குடைய முடியாது, வயசான பெரிய மரத்துல தானா விழுந்த பொந்துக்குள்ள பொட்டை போய் உட்கார்ந்து வாசலை அடைச்சுக்கும், சின்ன இடுக்கு வழியா ஆண் பறவைதான் பழம் கொண்டாந்து ஊட்டும். எண்ணெய்ப்பனையை 25 வருஷம் வாக்குல வெட்டிட்டு மறுபடி நட்டுடுவாங்க, பொந்துக்கு எங்க போறது? இருவாச்சி போச்சுன்னா அது முழுங்கிட்டுப் போய் தூரத்துல போடற பெரிய விதைங்க பரவறதும் போச்சு. 2008ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, கன்னிக்காட்டுல இருக்கற இனங்கள்ல சராசரியா 15 சதவீதம்தான் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துலயும் தென்பட்டிருக்கு.

எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் சதுப்புக்காட்டை நினைச்சாதான். இந்தோனேசியா, மலேசியால தண்ணிக்குள்ள ஆயிரக்கணக்கான வருஷமா மக்காம சேர்ந்த இலைதழை மண்ணு அது, கால்வாய் வெட்டி வடிச்சுட்டு நடறாங்க. காஞ்சா கரிமம் காத்துல போகும், தரை தாழும், தீ புடிச்சா மண்ணுக்கடியில நாள்கணக்கா கனன்னுட்டே கிடக்கும். 1997லயும் 2015லயும் பக்கத்து நாடு வரைக்கும் புகை மூடினதுக்கு இந்த மண்ணு எரிஞ்சது பெரிய காரணம்.

கேள்வி: அப்போ பாமாயிலை எல்லாரும் நிறுத்திட்டா சரியாகிடுமா?

பதில்: ஆகாதுங்க. ஒரு ஹெக்டேர் சோயாவுல சுமார் அரை டன் எண்ணெய்தான், எண்ணெய்ப்பனையில 3 டன்னுக்கு மேல. எல்லாரும் சோயாவுக்குத் தாவினா பல மடங்கு நிலம் வேணும், அதுக்கு இன்னொரு காடு போகும். இனிமே காட்டைத் தொடாம, ஏற்கெனவே கெட்டுப்போன நிலத்துல மட்டும் நடணும்னு கறாரா கேக்கறதுதான் சரின்னு நான் நினைக்கறேன். ஓடைக்கு ரெண்டு கரையிலயும் கொஞ்ச அகலத்துக்குக் காட்டை அப்படியே விட்டாலே விலங்குங்க நடமாட வழி கிடைக்கும், உரமும் மண்ணும் ஆத்துல கலக்கறது குறையும்.

கேள்வி: தோட்டம் போட்டவங்களுக்கு இந்த உயிரினங்களால ஏதாவது லாபம் உண்டா?

பதில்: இல்லாமலா? மலேசியால முன்னாடி ஆளுங்களை வச்சு கையால மகரந்தம் தூவித்தான் எண்ணெய்ப்பனையில காய் புடிக்க வச்சாங்க. 1981ல கேமரூன்லருந்து ஒரு குட்டி கூன்வண்டைக் கொண்டாந்து விட்டதும் அந்த வேலையே தேவைப்படல. அந்த வண்டு, அந்தப் பனையோட சொந்த ஊரான ஆப்பிரிக்கால அதோட பூவுலயே வாழ்ந்துட்டிருந்த பூச்சி.