அடைமழைக்கு மறுநாள் காலை கோய் மீன்கள் வாய் பிளப்பது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் 2,000 லிட்டர் சிமெண்டுக் குளம். ராத்திரி முழுக்க மழை பெய்தால் விடியும்போது கோய் மீன்கள் (அலங்காரக் கெண்டை) மேலே மிதந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்கிறீர்கள். அது பசியில்லை, மூச்சுத் திணறல். தீனி போடாதீர்கள்.

குளிர்நாட்டில் ஐஸ் மூடி மீன் சாகும். நமக்கு எமன் மழைதான். குளிர்ந்த மழைநீர் அடியில் இறங்கிக் கசடைக் கிளப்பும். கசடு அழுகினால் ஆக்சிஜன் குறையும். பாசியும் இரவில் ஆக்சிஜனை இழுக்கும். பக்கத்து வீட்டுக் கெளுத்தி பிழைத்ததே என்று ஏமாறாதீர்கள், அது காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும்.

உடனே ஏர் பம்ப்பைப் போடுங்கள். கரண்ட் இல்லையா? வாளியில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பிறகு அடித்தண்ணீரில் 400 லிட்டர் எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீர் விடுங்கள்.

மழைநீரில் காரத்தன்மை கிடையாது, பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) சரியும். 6.5-க்குக் கீழே போனால் சமையல் சோடா 50 கிராம் கரைத்து ஊற்றி, மறுநாள் அளந்து பார்த்து இன்னொரு 50. ஒரேயடியாகக் கொட்டினால் பிஎச் எகிறி, தண்ணீரிலுள்ள அம்மோனியா விஷமாகும்.

கூரைத் தண்ணீர் குளத்தில் விழக்கூடாது. விளிம்பை 10 சென்டிமீட்டராவது உயர்த்துங்கள். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) அடித்த களைக்கொல்லி வழிந்து வந்தால் எந்தச் சோடாவும் காப்பாற்றாது.