கல்லூரியில் பாடம் நடத்த எந்த ஆப் நல்லது? புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், வகுப்பில் பாதிப் பேர் போனைத்தான் பார்க்கிறார்கள்

துறைத்தலைவர் கூப்பிட்டு "ஐசிடி யூஸ் பண்ணுங்க, போட்டோ எடுத்து வைங்க" என்று சொல்லியிருப்பார் (ஐசிடி என்றால் கம்ப்யூட்டர், இணையம் வைத்துப் பாடம் நடத்துவது), நீங்கள் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

நான் கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தர வேலை இல்லை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் தமிழ் மீடியம். விடியற்காலை துறைமுகத்தில் மீன் ஏலத்துக்கு ஒத்தாசையாக நின்றுவிட்டு மதிய ஷிப்டுக்கு வருகிற பையன்களும் உண்டு. அதனால் நான் சொல்வது இந்த மாதிரி வகுப்புக்கு. பெரிய தனியார் பொறியியல் கல்லூரிக்காரர்கள் கமெண்ட்டில் சண்டைக்கு வர வேண்டாம்.

ஆப் பெயர் கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்: பிளிக்கர்ஸ். போட்டோ போடுகிற ஃபிளிக்கர் இல்லை, இது வேறு.

ஒரு பிள்ளைக்கு ஒரு அட்டை. நடுவில் க்யூஆர் கோடு போல ஒரு கறுப்புக் கட்டம், ஓரத்தில் நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. கேள்வியைப் போர்டில் எழுதிவிடுவேன். தன் விடை எதுவோ அந்த எழுத்து மேலே வருகிற மாதிரி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் முன்னால் நின்று போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்று காட்டினால், யார் எதைச் சொன்னார்கள் என்று என் திரையில் வந்து விழும். போன், நெட் எல்லாம் எனக்கு மட்டும்தான் வேண்டும், பிள்ளைகளுக்கு வேண்டாம். அட்டையை நாமே பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம், 63 பேர் வரைக்கும் இருக்கிறது.

"இது எல்கேஜி வேலை, கையைத் தூக்கச் சொன்னால் போதாதா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். போதாது. கையைத் தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சில் யார் நல்லா படிக்கிறதோ அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற கைகள் எழும்பும். அட்டையில் பக்கத்தில் இருப்பவன் என்ன காட்டுகிறான் என்று சட்டென்று தெரியாது. ஒவ்வொரு அட்டையின் கட்டமும் வேறு.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பேட்டரி, ஒரே மாதிரி இரண்டு பல்பு, தொடரிணைப்பு (ஒன்றன்பின் ஒன்றாக). எந்த பல்பு அதிகப் பிரகாசமாக எரியும்? பிளஸ் முனைக்குப் பக்கத்தில் இருப்பதா, தள்ளி இருப்பதா, இரண்டும் ஒன்றுபோலவா? முக்கால்வாசி அட்டை 'பக்கத்தில் இருப்பது' என்று காட்டியது. இத்தனைக்கும் முந்தின வாரம்தான் மின்சுற்றுக்கான கிர்க்காஃப் விதியில் கணக்குப் போட்டு எல்லாரும் நல்ல மார்க் வாங்கியிருந்தார்கள்! முதல் பல்பு கரண்டைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததுக்கு விடும் என்பது அவர்கள் கணக்கு. நம் பிள்ளைகளைத் திட்டாதீர்கள், உலகம் முழுக்க மாணவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று இயற்பியல் கற்பித்தல் ஆய்வுகளில் எப்போதோ எழுதிவிட்டார்கள்.

நான் விடை சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள், அப்புறம் மறுபடி அட்டையைத் தூக்குங்கள் என்றேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டில் எரிக் மசூர் என்கிற இயற்பியல் பேராசிரியர் 1990-களிலிருந்து செய்து வருகிற முறை. வகுப்பு மீன் மார்க்கெட்டாகிவிட்டது, பக்கத்து அறை மேடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சத்தத்தில் தாழங்குடா மீனவக் கிராமத்துப் பக்கத்துப் பையன் ஒருவன் சொன்னது: "டேய், கரைவலை இழுக்கும்போது முன்னாடி நிக்கிறவன் கயித்தத் தின்னுட்டா பின்னாடி வுடுறான்? எல்லார் கையிலயும் ஒரே வேகத்துலதானடா போவுது?"

முழுக்கச் சரியான உவமை இல்லை. வலை இழுக்கிறவன் பேட்டரியே தவிர பல்பு இல்லை. ஆனாலும் வழியில் கயிறு குறையாது என்பது ஏறிவிட்டது. இரண்டாம் தடவை அட்டைகள் பெரும்பாலும் மாறிவிட்டன.

பிறகு லேப்டாப்பில் பெட் சிமுலேஷன் காட்டினேன், சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கிற மென்பொருள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது, இலவசம், சிலது தமிழிலும் இருக்கிறது. இரண்டு பல்பும் அச்சாக ஒரே வெளிச்சம். "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் மேடம் காட்டும்" என்றது கடைசி பெஞ்ச். நியாயமான பேச்சு. லேபிலிருந்து இரண்டு டார்ச் பல்பு எடுத்து வந்து மாட்டினேன். ஒன்று கொஞ்சம் மங்கல்! அதுவும் பேட்டரியைவிட்டுத் தள்ளி இருந்தது. கடைசி பெஞ்சில் விசில். இரண்டு பல்பையும் இடம் மாற்றி மாட்டுங்கள் என்றேன். மங்கல் பல்பு முன்னால் வந்தும் மங்கலாகத்தான் எரிந்தது. "அப்ப இடத்துல இல்ல மேடம், பல்புல இருக்கு." கடைப் பல்பு இரண்டு ஒருநாளும் அச்சு ஒன்றாக இருக்காது என்பதையும் சேர்த்தே அன்றைக்குப் படித்தார்கள். சிமுலேஷன் மட்டும் காட்டியிருந்தால் இது கிடைத்திருக்காது.

என் கட்சி இதுதான். நாம் காட்டுவதற்கு உதவுகிற கருவி ஏற்கெனவே நிறைய இருக்கிறது. பிள்ளைக்கு எது புரியவில்லை என்பதை நமக்குக் காட்டுகிற கருவியைத் தேடுங்கள். எங்கள் துறையிலும் ஸ்மார்ட் போர்டு உண்டு. பூட்டிய அறையில் உண்டு. ஆய்வுக் குழு வரும்போது திறப்பார்கள், எடுத்த இடம் பதிவாகிற ஜியோடேக் போட்டோ எடுப்பார்கள், மறுபடி உறை போட்டு மூடுவார்கள்.

என்பிடெல்லைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்த இணைய வீடியோ பாடங்கள் அவை, நான் பாடத்துக்குத் தயாராவதே அவற்றைப் பார்த்துத்தான். ஆனால் முதலாண்டுத் தமிழ் மீடியம் பிள்ளையை அந்த வீடியோவின் முன்னால் உட்கார வைத்தால் தலையை ஆட்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று வாட்ஸாப் வாய்ஸ் நோட். சந்தேகத்தை எழுதிக் கேள் என்றால் கேட்க மாட்டார்கள், எழுத்துப் பிழைக்குப் பயம். பேசி அனுப்பு என்றால் அனுப்புகிறார்கள். குரூப்பில் இல்லை, எனக்கு மட்டும். வகுப்பில் வாயே திறக்காத பெண் ஒருத்தி, பின்னணியில் குக்கர் விசில் கேட்க, தெவெனின் தேற்றத்தில் (சிக்கலான மின்சுற்றை எளிதாக்கிப் பார்க்கிற வழி) லோடை ஏன் கழற்றணும் என்று கேட்டாள். நானும் வாய்ஸிலேயே பதில் போடுவேன். பத்து நிமிஷம் பேசினாலும் ஒன்றிரண்டு எம்பிக்குள் முடிந்துவிடும். கொரோனா நேரத்தில் இதுதான் காப்பாற்றியது. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி டேட்டா கார்டு என்று தமிழக அரசு அறிவித்தது, நல்ல திட்டம். ஆனால் வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டால் நேரலை வகுப்பில் எப்படி உட்காருவது? வாய்ஸ் நோட் என்றால் போன் கரைக்கு வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். (மாணவர்களுக்கு நம்பர் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தனி சிம் வைத்திருக்கிறேன், எட்டு மணிக்கு மேல் அணைத்துவிடுவேன்.)

அந்தத் தனி சிம்முக்கு ரீசார்ஜ் என் காசு. அட்டை பிரிண்ட் என் காசு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற வருகைதரு ஆசிரியர்களுக்கு மாதம் ரூ.50,000 வரை தரலாம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2019-லேயே சொல்லிவிட்டது. என் கைக்கு வருவது அதில் பாதி, அதுவும் 11 மாதத்துக்குத்தான். மே மாதம் என் வீட்டில் அடுப்பு எரியாது என்று யார் முடிவு செய்தார்கள்? நெட் தகுதித் தேர்வு, பிஎச்டி எல்லாம் முடித்தவர்கள்தான் நாங்களும். புது ஆப் பயிற்சி என்றால் மட்டும் முதல் பெயர் எங்களுடையதாக இருக்கும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எடுத்த எடுப்பில் நாலைந்து ஆப் இறக்காதீர்கள். ஒரு பாடத்துக்கு ஒரு கேள்வி போதும், ஆனால் தப்பான விடைகள் மூன்றும் பிள்ளைகள் நிஜமாகவே நினைக்கிறதாக இருக்க வேண்டும். அதைத் தயாரிப்பதுதான் வேலை, ஆப் அதைச் செய்து தராது. அட்டைக்கு ஜெராக்ஸ் கடையில் பளபள லேமினேஷன் போடாதீர்கள், டியூப்லைட் வெளிச்சம் பட்டு கேமரா படிக்காது. தடித்த தாளே போதும். தமிழ்த் துறையிலும் வரலாற்றுத் துறையிலும் இது எப்படிப் போகும் என்று கேட்டால், நான் அங்கே நடத்தியதில்லை, அந்தத் துறைக்காரர்கள் யாராவது எழுதுங்கள்.