மெரினா மணலும் ராயபுரம் ரயிலும்: வாசகர் கேள்விகள்

சென்னையைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். பணிக்காலம் முழுவதும் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு சேலம் கன்னங்குறிச்சிக்குத் திரும்பியவன் நான். சென்னையைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு வாய் நிற்காது.

உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு விஷயமாகப் போயிருந்தேன். வளாகத்துக்குள் உயரமான கல்தூண் ஒன்று தனியாக நிற்கிறது. கூட வந்த குமாஸ்தாவுக்கும் தெரியவில்லை. அது என்ன?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பழைய கலங்கரை விளக்கம். சென்னைக்கு இதுவரை நான்கு விளக்குகள். முதலாவது 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் ஏற்றப்பட்டது. தேங்காய் எண்ணெய் விளக்கு. இரண்டாவது நீங்கள் பார்த்த தூண், 1844. உயர் நீதிமன்றக் கட்டடம் 1892-இல் எழும்பியதும் அதன் கோபுரம் தூணைவிட உயரமாகப் போய்விட்டது. சரி, விளக்கை அங்கேயே ஏற்றிவிடலாம் என்று 1894-இல் மாற்றினார்கள். கீழே வழக்கு நடக்கும், மேலே கப்பலுக்கு விளக்கு எரியும்! 1977-இல்தான் மெரினாவில் இப்போதுள்ள விளக்கு வந்தது.

அடுத்த வாய்தாவுக்குப் போகும்போது வளாகத்தின் சுற்றுச்சுவரில் எம்டன் கல்வெட்டையும் பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் சென்னை மீது குண்டு போட்டது. துறைமுகத்துப் பக்கம் இருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன.

என் பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மெரினாவில் இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
– வாசகி, அம்மாபேட்டை

உங்கள் பெண்ணுக்கு என் பாராட்டு. பெரியவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி இது.

முன்பு சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் கரைக்கு வர மசூலா படகுதான். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை அறையும்போது பலகை வளைந்து கொடுக்கும். ஆணி அடித்திருந்தால் பிளந்துவிடும். அதை ஓட்டியவர்கள் நம் கடற்கரை மீனவர்கள். அவர்கள் கை இல்லாமல் ஒரு மூட்டைகூடக் கரையேறியிருக்காது.

பிறகு 1870-களில் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் கற்சுவர் எழுப்பினார்கள். 1881-இல் வந்த புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். இங்கேதான் விஷயம். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்குப் பக்கத்திலேயே தேங்கியது. ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து சேர்ந்து, கோட்டைச் சுவரை ஒட்டி அடித்துக்கொண்டிருந்த கடல் விலகிப்போனது. அப்படி அகன்றதுதான் இன்றைய மெரினா.

வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. அதனால் ராயபுரம், காசிமேடு தாண்டித் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. வீடுகள் போயின, சாலையும் போனது. இப்போது அந்தப் பக்கம் நடந்தால் மணல் இருக்காது, கொட்டி வைத்த பாறைகள்தான் இருக்கும். மெரினாவில் நாம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு உட்காரும் மணல், வடசென்னைக்காரர்கள் இழந்த மணல். உங்கள் பெண்ணிடம் இதையும் கட்டாயம் சொல்லுங்கள். சுற்றுலா வரும் நம் ஊர்க்காரர்கள் ஒருவர்கூட பாரிமுனைக்கு வடக்கே கால் வைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பேரப் பிள்ளைகளோடு இரண்டு நாள் சென்னை. எதைப் பார்ப்பது, எப்படிப் போவது?
– வாசகர், சூரமங்கலம்

ரயிலில் போங்கள். பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து ஊருக்குள் போவதே ஒரு பயணம். (வண்டலூர் உயிரியல் பூங்கா மட்டும் பக்கம்.) சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே பார்க் டவுன் நிலையம். அங்கே பறக்கும் ரயில் ஏறினால் கலங்கரை விளக்கம் நிறுத்தம் மெரினாவுக்கு, திருமயிலை நிறுத்தம் கபாலீசுவரர் கோயிலுக்கு. விளக்கின் மேலே போக லிப்ட் உண்டு; பார்வையாளர் நேரத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மெரினாவில் உழைப்பாளர் சிலையை நின்று பாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. பாறையைப் புரட்டும் நான்கு பேரின் முதுகுத் தசையை அருகே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாம் நாள் காலை ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்தப் பாதைதான் நீண்டு ஜோலார்பேட்டை, சேலம் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போனது. சேலம் ஜங்ஷன் பக்கத்திலேயே குடியிருக்கும் நீங்கள் அந்தத் தூண் வைத்த கட்டடத்தைப் பார்க்காமல் திரும்பலாமா? வரும் வழியில் ராஜாஜி சாலை. 1917-இல் நம் சேலம் நகராட்சித் தலைவரானவரின் பெயர். ஒரு காலத்தில் அதுவே கடற்கரையாக இருந்தது. இப்போது துறைமுகச் சுவர் மறைக்கிறது, கடல் கண்ணில் படாது.

தி.நகர் கடைத்தெரு வேண்டாம். அதற்கு நம் ஊரே போதும்.

மகனுக்கு ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. மலையிலேயே வளர்ந்த பையன். எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்?
– வாசகி, ஏற்காடு

அலுவலகம் தரமணி, பெருங்குடி பக்கமா, சிறுசேரியா என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே நெடுந்தூரம். தரமணி என்றால் திருவான்மியூர் நல்லது: வாடகை அதிகம், ஆனால் பறக்கும் ரயில் இருக்கிறது, கடலும் பக்கம். சிறுசேரி என்றால் நாவலூர், கேளம்பாக்கம் பாருங்கள்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் வாடகை கட்டுப்படியாகும். ஆனால் தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்துதான், ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போகும். சதுப்பு நிலத்தைச் சுற்றி வீடும் அலுவலகமும் நெருக்கிவிட்டன. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. மலையில் பெய்யும் மழை ஓடிவிடும், அங்கே நிற்கும்.

அதனால் தரைத்தளம் வேண்டவே வேண்டாம். புரோக்கர் சொல்வதை வைத்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம், அந்த இரண்டு வருடமும் தண்ணீர் எதுவரை வந்தது என்று பையனையே நேரில் கேட்கச் சொல்லுங்கள். சுவரில் கையை வைத்துக் காட்டுவார்.